மருந்தை யார் குடித்தது

கடல் தாண்டி நாங்கள் வந்த இந்த ஒல்லாந்தர் பட்டணமான பத்தாவியாவில் எந்த வைத்தியர் வாசலில் நின்றாலும் முதல் கேள்வி ஒன்றுதான்: நோய் ஆணுக்கா, பெண்ணுக்கா, குழந்தைக்கா? ஆண்களைப் பார்ப்பவர் பெண்களைத் தொடமாட்டார். பெண்களைப் பார்க்கும் மருத்துவச்சி, பிள்ளை பிறந்து நாற்பது நாள் ஆனதும் கதவைச் சாத்திக்கொள்வாள். வந்த புதிதில் எனக்கு இது சிரிப்பாக இருந்தது. எட்டு மாத மகள் பொன்னிக்குக் காய்ச்சலும் பேதியும் கண்டபோது அந்தச் சிரிப்பு நின்றது. என் மனைவி எல்லம்மாவுக்கும் அதே காய்ச்சல். இருவரையும் சேர்த்துப் பார்க்க ஓர் ஆளைத் தேடி ஐந்து நாள் அலைந்தேன்.

பழவேற்காட்டு ஏரிக்கரையில் ஒல்லாந்தர் கப்பல்களுக்குப் படகு தள்ளிய காலத்தில் எனக்கு இந்த அலைச்சல் இல்லை. குப்பத்தில் யாருக்கு என்ன வந்தாலும் காட்டூர் வைத்தியர்தான். கைக்குழந்தைக்கு நோய் என்றால் தாயின் நாடியைப் பிடிப்பார், கஷாயத்தையும் தாய்க்கே கொடுப்பார். அது பால் வழியாகப் பிள்ளைக்குப் போய்விடும். பால்குடிப் பிள்ளையின் வாயில் மருந்து ஊற்றி எங்களில் யாரும் பார்த்ததில்லை.

ஆறாம் நாள், கப்பல்காரர்களுக்கு வைத்தியம் பார்க்கும் கிழட்டு ஒல்லாந்தர் ஒருவர், சிருர்கைன் என்பார்கள், மனமிரங்கினார். பொன்னியின் வயிற்றை அழுத்திப் பார்த்து, ஒரு சீசா கொடுத்தார். காலையில் ஆறு சொட்டு, மாலையில் ஆறு சொட்டு என்று விரலால் காட்டினார்.

வீட்டுக்கு வந்ததும் எல்லம்மா தயங்கினாள். "புள்ளைக்குனுதானே குடுத்தாரு?"

"பால் குடிக்கிற புள்ளைக்கு இன்னாத்துக்குத் தனியா மருந்து? நீ குடி" என்றேன்.

வாயிருந்தால் வங்காளம் போகலாம் என்பார்கள். நான் அதையும் தாண்டி வந்தவன். திரும்பிப் போய் ஒரு வார்த்தை கேட்க எனக்கு வாய் வரவில்லை.

எல்லம்மாவுக்குக் காய்ச்சல் விட்டது, பொன்னிக்கு விடவில்லை. நான்காம் நாள் பிள்ளையையும் சீசாவையும் எடுத்துக்கொண்டு இருவரும் ஓடினோம். சிருர்கைன் காலிச் சீசாவைக் காட்டி, யார் குடித்தது என்று சைகையில் கேட்டார். நான் எல்லம்மாவைக் காட்டினேன். அவர் திட்டியிருக்கலாம். திட்டாமல் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். அன்று மாலையே பொன்னி போய்விட்டாள். கப்பலேறி வரப்போகிறவர்களுக்குச் சொல்கிறேன்: மருந்து வாங்கினால், யார் குடிக்க வேண்டும் என்று கேளுங்கள்.

அடுத்த பருவக்காற்றுக்கு ஊர்ப்பக்கம் கப்பல் போகிறது. "அவள இங்க உட்டுட்டு நான் மட்டும் அங்க போயி இன்னா பண்றது?" என்கிறாள் எல்லம்மா. ஊருக்குப் போனால் காட்டூர் வைத்தியர் அவள் நாடியைப் பிடித்ததும், பிள்ளை எங்கே என்பார். இங்கே அப்படிக் கேட்க ஆளில்லை. இரண்டில் எதைத் தாங்க முடியும் என்று எனக்குத் தெரியவில்லை.

அவளுக்குப் பால் இன்னும் வற்றவில்லை. காலையில் கால்வாய்ப் படியில் குனிந்து தண்ணீரில் பீய்ச்சுகிறாள். "இந்தத் தண்ணி நம்ம ஏரிக்குப் போவுமாய்யா?" என்று நேற்றுக் கேட்டாள்.

"போவும்" என்றேன்.

இந்த முறையும் நான் சொன்னதை அவள் நம்பிவிட்டாள்.