சீட்டு சரியில்லை

"ஐப்பசி. மலைக்காரர் வண்டி. ரெண்டாவது தபா."

எங்கள் பழைய மோட்டார் சைக்கிளின் சீட்டைக் கழற்றித் திருப்பினால், அடித்தகட்டில் வெள்ளைப் பெயிண்டில் இப்படி எழுதியிருக்கும். எழுதியவர் கள்ளக்குறிச்சியில் வண்டி சீட்டுகளுக்கு உறை தைத்துக்கொண்டிருந்தவர். ஒருவர் சீட்டு இன்னொருவரிடம் போய்விடாமலிருக்க ஒவ்வொன்றின் அடியிலும் ஒரு வரி எழுதிவைப்பது அவர் வழக்கம். மாதம் போட்டவர் வருடம் போடவில்லை. எங்கள் மலையில் எந்த ஊருக்கு எப்போது கரண்டு வந்தது, எந்தப் பாதை எப்போது தார் ரோடானது என்று தேதி சேர்த்துவைக்கும் எனக்கு, சொந்த வீட்டில் கிடைத்த சான்றில் வருடம் இல்லாதது ஒரு குறைதான். ஆனாலும் கண்டுபிடிக்க முடியாததல்ல. அந்த ஐப்பசியில் நான் இரண்டாம் வகுப்பு. இலவச டிவி வந்த அட்டைப்பெட்டியில் எங்கள் கோழி அடைகாத்துக்கொண்டிருந்தது. அம்மா இருந்தாள்.

மணலூர்பேட்டைப் பக்கம் கரும்பு வெட்டப் போன இடத்தில் அப்பா அந்த வண்டியைப் பழசாக வாங்கி வந்தார். என்ஜினைப் பற்றி யாரும் குறை சொன்னதில்லை. சீட்டுதான் முன்பு வைத்திருந்தவர்கள் உட்கார்ந்து உட்கார்ந்து பலகையாகியிருந்தது. பின்பக்கம் பஞ்சு தேய்ந்து, கேரியரின் இரும்பு விளிம்பு மேலே துருத்திக்கொண்டிருந்தது. டேங்கின்மேல் நான், நடுவில் அப்பா, அந்த இரும்பை ஒட்டி ஒருபக்கமாக அம்மா. எங்கள் ஊரிலிருந்து வெள்ளிமலை வரை மண்பாதை, பிறகு கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கிக் கச்சிராயபாளையம், அங்கிருந்து கள்ளக்குறிச்சி. பஸ் பிடிப்பதற்கே வெள்ளிமலைக்கு வண்டியில்தான் போகவேண்டும். அங்கே பஸ்ஸில் உட்கார இடம் கிடைப்பது அன்றைய அதிர்ஷ்டம்.

அந்த வருடம் ஆடியிலிருந்து நாங்கள் அடிக்கடி கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரிக்குப் போனோம். எதற்கு என்று நான் கேட்டதில்லை. எனக்கு அது பன் வாங்கித்தரும் ஊர். அம்மாவும் அப்பாவும் உள்ளே போவார்கள், மாமா என்னுடன் வெளி பெஞ்சில் இருப்பார். மாமா என்றால் அம்மாவின் தம்பி. அவர் கள்ளக்குறிச்சியில் ஒரு மரக்கடையில் வேலை செய்துகொண்டிருந்தார். நாங்கள் வரும் நாளில் மட்டும் லீவு போடுவார். உள்ளேயிருந்து வரும்போது அம்மா சுவரைத் தொட்டுக்கொண்டு நடப்பாள். திரும்பும் வழியில் பாதி தூரத்தில் ஒருதரம் வண்டியை நிறுத்தச் சொல்லி இறங்கி நிற்பாள். ஏன் என்றால், சீட்டு சரியில்லை. இந்த வாக்கியம் எப்போது வீட்டுக்குள் வந்தது என்று எனக்குத் தெரியாது. என் நினைவு தொடங்கும்போதே அது இருந்தது, அடுப்பு இருந்ததைப்போல.

ஆகவே வீடு முழுவதும் சேர்ந்து அந்தச் சீட்டைத் திருத்தத் தொடங்கியது.

முதலில் கம்பளியை நாலாக மடித்துப் போட்டார்கள். அது இரண்டாவது வளைவிலேயே நழுவி, அம்மாவையும் இழுத்துக்கொண்டு போகப் பார்த்தது. பிறகு சீட்டுக் கடைக்காரர் பழைய பஞ்சைப் பிடுங்கி எறிந்துவிட்டு புது ஃபோம் வைத்துத் தைத்தார். அது முதல் தபா. ஒரு வாரம் எல்லாரும் அதை அமுக்கிப் பார்த்து மெச்சினோம். அடுத்த பயணத்தில் அம்மா அதே இடத்தில் இறங்கி நின்றாள்.

அதற்கடுத்த தடவை மாமா ஒரு ஸ்கூட்டர் டியூப் கொண்டுவந்தார். பாதி காற்றடித்து, துணி சுற்றி, சீட்டின்மேல் கட்டினார். அம்மா ஏறி உட்கார்ந்ததும் அது ஒரு சத்தம் போட்டது. நான் டேங்கின்மேல் குப்புற விழுந்து சிரித்தேன்.

"சிரிக்காத பாப்பா, ஒங்க மாமன் சீதனம் இது" என்றாள் அம்மா.

"நீ பேசுக்கா. ஏரோப்பிளேன்ல கூட இந்த மாதிரி சீட்டு கெடையாது, தெரிஞ்சிக்கோ."

கச்சிராயபாளையம் வருவதற்குள் டியூப் காற்றை விட்டுவிட்டது. அந்தத் தடவைதான் அம்மா ஒருபக்கமாக உட்காருவதை விட்டு, புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, ஆண்களைப்போல இருபக்கமும் கால்போட்டு உட்கார்ந்தாள். அப்போது எங்கள் பக்கம் புடவை கட்டியவர்கள் யாரும் அப்படி உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. வெள்ளிமலை டீக்கடை எதிரில் அன்னாசிக் கூடையோடு அத்தை, அதாவது அப்பாவின் தங்கை, பஸ்ஸுக்கு நின்றிருந்தாள்.

"இன்னா அண்ணி, குதிர ஏறிட்ட? கையில கத்தி ஒண்ணுதான் கம்மி."

"கத்திய ஒங்கண்ணன் இடுப்புல சொருவிக்கினு வர்றாரு. ஒதுங்கி நில்லு, கூட பத்திரம்."

டீக்கடையே சிரித்தது. அம்மாவும் சிரித்தாள். அப்பா மட்டும் வண்டியின் கண்ணாடியைத் திருகிக்கொண்டிருந்தார். பின்னால் வரும் வண்டியைக் காட்டவேண்டிய கண்ணாடி அது. அப்பா அதைக் கோணலாகத் திருப்பிவைப்பது வழக்கமாகியிருந்தது. அதில் ரோடு தெரியாது. அம்மாவின் முகம்தான் தெரியும். டேங்கின்மேல் குனிந்திருந்தால் எனக்கும் தெரியும். வளைவுகளில் அம்மா கண்ணை இறுக மூடிக்கொள்வாள். தூங்குகிறாள் என்று நினைத்துக்கொள்வேன்.

"கண்ணாடிய நேரா வைங்க, பின்னால லாரி வந்தா தெரியாது" என்று அவள் சொல்லுவாள்.

"தெரியுது, தெரியுது" என்பார் அப்பா.

அந்தச் சீட்டின்மேல் எனக்கு ஒரு பகை வந்துவிட்டது. வீட்டுவாசலில் வண்டி நிற்கும்போது விளக்குமாற்றால் அதை அடிப்பேன். "எங்கம்மாவ கடிப்பியா?" என்று ஒவ்வொரு அடிக்கும் கேட்பேன். அம்மா உள்ளே பாயில் படுத்தபடி, "அடிக்காத பாப்பா, அது வாயில்லாத சீவன். பாவம், அது இன்னா பண்ணும்?" என்பாள்.

அவள் சொன்னது முழுக்க உண்மை என்று அப்போது எனக்குத் தெரியாது.

ஐப்பசியில் இரண்டாவது தபா. சீட்டுக் கடைக்காரர் இம்முறை ஃபோமின் நடுவில் கிண்ணம்போலக் குடைந்து எடுத்தார். அப்படிச் செய்தால் அடி அழுந்தாது என்றார். தகட்டில் எழுதி, ஈரம் காய ஊதி, சீட்டை வண்டியில் மாட்டிவிட்டு, "அக்கா, குந்திப் பாருங்க" என்றார். தெருவில் ஸ்டாண்டு போட்ட வண்டிமேல் அம்மா உட்கார்ந்தாள். நாங்கள் நாலு பேரும் சுற்றி நின்று அவள் முகத்தைப் பார்த்தோம்.

"எப்பிடிங்க இருக்குது?"

"மெத்துனு இருக்குது" என்றாள். எங்களைப் பார்த்துப் புன்னகைத்தாள். கடைக்காரருக்கு மகிழ்ச்சி. "சொன்னேன்ல? ஃபோம்ல ஒண்ணும் இல்ல, வெட்டுற வெட்டுலதான் இருக்குது" என்று மாமாவிடம் சொன்னார். அப்பா வேறு பக்கம் திரும்பி முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

கோமுகி அணையைத் தாண்டி, மலை ஏறத் தொடங்கும் இடத்தில் அம்மா அப்பாவின் தோளைத் தட்டினாள். வண்டி நின்றது. இறங்கினாள்.

"நடந்து வர்றேன்."

"எதுவரைக்கும் நடப்ப?"

"நடக்குற வரைக்கும்."

அப்பா என்ஜினை அணைத்தார். ஆனால் அங்கேயே நிற்கவில்லை. வண்டியை உருட்டிக்கொண்டு அவள் பக்கத்திலேயே ஏறத் தொடங்கினார். ஏற்றத்தில் வண்டி தள்ளுவது லேசான வேலை அல்ல, என்னையும் இறக்கிவிட்டிருக்கலாம். இறக்கவில்லை. நான் டேங்கின்மேல் ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொண்டு, சாமி ஊர்வலம் போவதைப்போல மலை ஏறினேன். ஒருபக்கம் அப்பா மூச்சு வாங்கினார். இன்னொருபக்கம் அம்மா சீட்டின் விளிம்பில் கை வைத்து, அதைப் பிடிமானமாக்கி நடந்தாள். கீழே அணைத்தண்ணீர் வெயிலில் தகதகத்தது. எனக்கு என்ஜின் சத்தம் இல்லாதது பிடிக்கவில்லை. நானே வாயால் சத்தம் போட்டேன். வளைவு வந்தபோது ஹாரன் அடித்தேன். அம்மாவுக்குச் சிரிப்பு வந்தது. "ட்ரைவரு, கொஞ்சம் மெதுவா போங்க" என்றாள்.

வீடு சேர்ந்த மறுநாள் அம்மாவே ஒரு யோசனை சொன்னாள். நான் பிறந்தபோது அவள் உட்காருவதற்கென்று எங்கள் வீட்டில் சாமைப் பதரை ஒரு சாக்கில் தளர்வாக அடைத்துப் போட்டிருந்தார்களாம். உட்கார்ந்தால் உடம்புக்கு ஏற்ற மாதிரி அமுங்கிக்கொடுக்குமாம். அதைப்போல ஒன்று செய்து சீட்டின்மேல் கட்டலாமே என்றாள். அப்போதுதான் சாமை அறுத்துப் பாறையில் அடித்திருந்தோம். வழக்கமாக அடித்ததைத் தூற்றுவதும் முறத்தில் புடைப்பதும் அம்மா. அவள் புடைத்தால் பதரில் ஒரு மணி இருக்காது, மணியில் ஒரு பதர் இருக்காது. அந்த வருடம் அப்பா தூற்றினார். காற்று ஒருபக்கம் போக, அப்பா ஒருபக்கம் முறத்தைப் பிடித்தார். அம்மா வாசலில் ஒருக்களித்துப் படுத்தபடி பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நெல்லு தூத்துற மாதிரி தூத்துறீங்க. சாமைங்க அது, பறந்துடும். பாதி மணி பதரோட போவுது."

"போனா போவட்டும்."

அந்தப் பதரை ஒரு கோணிச்சாக்கில் அடைத்து, சாக்குக் கயிற்றால் சீட்டின்மேல் இறுக்கிக் கட்டினார் அப்பா. நான் ஏறி உட்கார்ந்து பார்த்தேன். அவ்வளவு சுகமான இடத்தில் நான் அதுவரை உட்கார்ந்ததில்லை. இனி அம்மா வழியில் இறங்கமாட்டாள் என்று எனக்கு உறுதியாகிவிட்டது.

அம்மா அதில் உட்காரவேயில்லை.

அடுத்த தடவை அவளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக வெள்ளிமலையிலிருந்து ஒரு ஜீப்பு வந்தது. பின்னால் பாய் விரித்து, அவளைப் படுக்கவைத்து எடுத்துப்போனார்கள். எனக்கு அது பெரிய நிம்மதி. படுத்துக்கொண்டே போகிறவளுக்குச் சீட்டு எதற்கு? இவ்வளவு எளிய வழி ஏன் இவர்களுக்கு முதலிலேயே தோன்றவில்லை என்று அத்தையிடம் கேட்டேன். அத்தை என்னை இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள். நாலைந்து நாள் கழித்து அதே ஜீப்பு திரும்பி வந்தது. மழை பெய்துகொண்டிருந்தது. அம்மா போனபோது படுத்திருந்த மாதிரியே படுத்திருந்தாள்.

அதன்பின் பல நாள் வீட்டில் மனிதர்கள் நிறைந்திருந்தார்கள். வண்டியை யாரும் தொடவில்லை. வாசலோரம், கூரைத்தண்ணீர் சொட்டும் இடத்தில் சாக்குக் கட்டியபடியே நின்றது. கருமாதி முடிந்து எல்லாரும் கிளம்பிய அன்று நான் அதன் பக்கம் போனேன். கோணியின் கண்களுக்குள்ளிருந்து பச்சையாக, ஊசி ஊசியாக, சீட்டு முழுவதும் சாமை முளைத்திருந்தது.

"அப்பா, சீட்டு மொளச்சிருக்குது!" என்று கத்திக்கொண்டு ஓடினேன். அம்மா போனபின் வீட்டில் யாரும் கத்தவில்லை. என் சத்தம் எனக்கே பெரிதாகக் கேட்டது.

அப்பா வந்தார். மாமாவும் வந்தார். மாமா கயிற்றை அவிழ்க்கப் போனார். "அழுவிப்போய் நாறும் மாமா, எடுத்துக் கொட்டிடலாம்."

"இருக்கட்டும் மச்சான்" என்றார் அப்பா. பயிரைத் தடவுவதைப்போல உள்ளங்கையால் அதன்மேல் ஒருமுறை தடவினார். "அவ பொடச்சிருந்தா ஒண்ணு மொளச்சிருக்காது."

இதற்கு ஏன் இரண்டு பெரிய ஆண்கள் வாசலில் நின்று அழவேண்டும் என்று எனக்குப் புரியவில்லை. தனக்குப் புடைக்கத் தெரியாததற்காக அப்பா அழுகிறார் என்று எண்ணி, "அடுத்த தபா நல்லா பொடைக்கலாம்ப்பா" என்று தேற்றினேன்.

அம்மாவுக்கு வந்தது கர்ப்பப்பையில் புற்றுநோய். அவளை உட்காரவிடாமல் செய்தது அதுதான். நான் பத்தாம் வகுப்பில் படிக்கும்போது அத்தை சொல்லித்தான் எனக்குத் தெரியும். அதுவரை என் மனதில் அம்மாவைக் கொன்றது அந்தச் சீட்டு.

இதை எழுதுவதற்கு முன் ஒன்றைச் சரிபார்க்க விரும்பினேன். சீட்டு சரியில்லை என்று முதலில் சொன்னது யார்? அப்பாவைக் கேட்டேன். அம்மாதான் என்றார். ஆடியில் ஒருநாள் வளைவில் இறங்கி நின்று, "சீட்டு குத்துதுங்க, வேற ஒண்ணும் இல்ல" என்றாளாம். அவள் பயந்துவிடக்கூடாதே என்று, டாக்டர் சொன்னதை மறைத்து, தானும் சீட்டையே பேசிக்கொண்டிருந்தாராம்.

மாமாவைக் கேட்டேன். அவர் வேறு சொன்னார். முதலில் சொன்னது அப்பாதானாம். ஒருநாள் ஆஸ்பத்திரி வாசலில், அப்பா மருந்து வாங்கப் போயிருந்தபோது, அம்மா மாமாவிடம் சொன்னாளாம்: "எனக்கு இன்னான்னு எனக்குத் தெரியும்டா. ஒங்க மாமா சீட்டு சரியில்ல, சீட்டு சரியில்லன்னு சொல்லிக்கினு கீறாரு. அப்பிடியே நெனச்சிக்கினு இருக்கட்டும். தெரிஞ்சா தாங்கமாட்டாரு."

இரண்டு பேரும் பொய் சொல்லுகிறவர்கள் அல்ல. சீட்டுக் கடைக்காரரைத் தேடிப் போனேன். அந்த இடத்தில் இப்போது செல்போன் கடை இருக்கிறது. அத்தைக்கு நினைவில்லை. எனவே, சீட்டு சரியில்லை என்று முதலில் சொன்னது அம்மாவா அப்பாவா என்பது இந்த நாள்வரை உறுதியாகவில்லை.