பாலில் துடைத்த நீலம்

மார்லிஸுக்குத் தோட்டம் என்றால் வீட்டின் வடக்குப் பக்கம்தான். எல்ம் மர நிழலில் எதுவும் உருப்படாத அந்த மண்ணில், ஒன்பது வருஷம் முன்பு ஹோஸ்டா என்ற நீல இலைச் செடியின் உள்ளங்கையளவு கன்று ஒன்றை வைத்தாள். முதல் மூன்று வருஷம் அது செத்ததா பிழைத்ததா என்றே தெரியவில்லை. பள்ளிக்கூடச் சமையலறையில் முப்பத்தொரு வருஷம் முந்நூறு பிள்ளைகளுக்குப் பொங்கிப்போட்டவளுக்குப் பொறுமையைச் சொல்லித்தரவா வேண்டும்? இலையரிக்கும் நத்தைகள் விழுந்து சாகத் தட்டில் பியர் வைத்தாள். மானுக்கு வேலி கட்டினாள். இப்போது அது இருவர் கைகோத்து வளைக்கும் புதர். ஒவ்வொரு இலையும் சாப்பாட்டுத் தட்டு அகலம், நல்ல நீலம்.

அந்த ஜூலையில் ஊர்த் தோட்டச் சங்கம் பார்க்க வரும் வீடுகளில் அவள் வீட்டையும் முதன்முறையாகச் சேர்த்தது. சொல்லிவைத்தாற்போல், அவர்கள் வருவதற்கு ஒரு வாரம் முன்பு படியில் சறுக்கி இடுப்பெலும்பை முறித்துக்கொண்டாள்.

சங்கம் வருவதற்கு முந்தின நாள் சாயங்காலம்தான் ஆஸ்பத்திரியிலிருந்து வந்தாள். களைக்கும் தக்காளிக்கும் வித்தியாசம் தெரியாத அவள் புருஷன் ஹார்லன், அவளை வாக்கரோடு நேரே வடக்குப் பக்கம் கூட்டிப்போனான். செடி பச்சையாகப் பளபளத்தது.

"பாலைத் தொட்டு ஒவ்வொரு இலையா துடைச்சேன். எங்கம்மா ரப்பர் செடிக்கு இப்படித்தான் செய்வாங்க."

நீலம் இலையில் இல்லை. கறுப்புத் திராட்சையின் மேல் இருக்கிற மாவு மாதிரி ஒரு பூச்சு, அவ்வளவுதான். துடைத்தால் அந்த வருஷத்துக்குப் போச்சு. ஒன்பது வருஷத்துக்கும் சேர்த்து நாலு திட்டு திட்டத்தான் வாயைத் திறந்தாள். அப்போது அவன் கால்சட்டை முட்டியில் மண்ணைப் பார்த்தாள். முட்டி மடங்காமல் போன அவனுக்கு ஆறு வருஷமாக ஷூ கயிறு கட்டிவிடுவது அவள்தான்.

"மண்டி போட்டா துடைச்சே?"

"எண்பத்தேழு இலையும்."

"நல்லா மின்னுது," என்றாள்.

மறுநாள் சங்கத் தலைவி டோலரஸ் குனிந்து பார்த்தாள். "நீலம்னு சொன்னாங்களே. இது என்ன ரகம்?"

காபி தட்டோடு நின்ற ஹார்லனின் முகம் மாறுவதை மார்லிஸ் பார்த்தாள்.

"இதுக்குப் பேரு ஹார்லன்."

"கேள்விப்பட்டதே இல்லையே. எங்க கிடைக்கும்?"

"எங்கேயும் கிடைக்காது. ஒண்ணே ஒண்ணுதான்."

டோலரஸ் இலையையும் பார்த்தாள், ஹார்லனையும் பார்த்தாள். சிரிக்காமல் நோட்டில் பெயரை எழுதிக்கொண்டாள்.

அடுத்த மே மாதம் செடி மறுபடி நீலமாக விரிந்தது. ஹார்லன் ஓர் இலையை விரலால் தேய்த்துப் பார்த்தான்.

"அப்போ நான்தான் கெடுத்தேனா, மார்லிஸ்?"

"ஆமா," என்றாள் அவள். "காலை நீட்டு. கயிறு அவிழ்ந்திருக்கு."