எதிர்க்கரைக்குப் போன செனைடா

மக்தலேனா ஆற்றின் மேற்குக் கரையில் செனைடாவின் வீடு ஒன்றுதான் இருந்தது. மரத்தெப்பம் ஓட்டிக்கொண்டு ஆற்றோடு போன அவள் புருஷன், போன இடத்திலேயே இன்னொருத்தியோடு குடித்தனம் பண்ணத் தொடங்கிவிட்டான். எதிர்க்கரை ஊருக்குப் பிரசவம் பார்த்தபடி அவள் தனியே காலம் தள்ளினாள். ஊரில் பாதிப் பேர் அவள் கையில் பிறந்தவர்கள். ஆனாலும் யாருக்காவது வலி எடுத்தால்தான் அவள் நினைப்பு வரும்.

வெள்ளம் வந்திருந்த ஒரு மத்தியானம், தன் ஓடத்தை ஆற்றோட்டத்தில் எங்கோ கீழே ஒதுக்கிவிட்டுச் சேறும் சகதியுமாக வந்து நின்றான் எதிர்க்கரை வில்ஃப்ரிதோ.

"அக்கா, நூபியாவுக்குப் பனிக்குடம் உடைஞ்சிருச்சு. ஓடி வாங்க!"

செனைடாவின் ஓடத்தில் இருவரும் ஏறினார்கள். நேர் எதிரே தெரிந்த தன் வீட்டையே பார்த்தபடி, அவன் ஓடத்தின் மூக்கை நீரோட்டத்துக்கு எதிராகச் சாய்த்துப் பிடித்துத் துடுப்பு போட்டான். மற்ற நாளென்றால் அது சரிதான். ஆறு கீழே தள்ளுவதும் துடுப்பு மேலே இழுப்பதும் சரிக்கட்டிப் போய், ஓடம் நேராக அக்கரை சேரும். அன்றைக்கோ எவ்வளவு போட்டும் ஓடம் கீழேதான் போனது, அக்கரையும் நெருங்கவில்லை.

"மூக்கை நேரா அக்கரைக்குத் திருப்புடா."

"திருப்பினா ரொம்பக் கீழே அடிச்சிட்டுப் போயிருமே! வீடு அங்க இருக்குக்கா!"

"போகட்டும். ஆறு கீழே இழுக்கிறத இழுக்கட்டும். நம்ம பலம் மொத்தமும் குறுக்கே போனாத்தான் சீக்கிரம் கரை சேரலாம். அப்புறம் நடந்துக்கலாம்."

"உங்களுக்கென்ன, சொல்லுவீங்க. அங்க கிடந்து துடிக்கிறது என் பொண்டாட்டி!"

செனைடா தன் துடுப்பை அழுத்தி மூக்கைத் திருப்பினாள்.

ஊருக்கு வெகு கீழே ஒரு மாட்டுப் பண்ணையோரம் கரை ஏறி, வாழைத்தோப்புக்குள் இருவரும் ஓடினார்கள். குழந்தை கால் முதலாக வந்துகொண்டிருந்தது. இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் தப்பியிருக்காது. அவள் பதறாமல் தோளை விடுவித்து, தலையை விடுவித்து வெளியே எடுத்தாள். பெண் குழந்தை. ஒரு கணம் மூச்சில்லை. பிறகு வீறிட்டது.

வீடு நிறைய உறவுக்கூட்டம். ரம் பாட்டில் கைமாறியது. யாரோ வறுத்த மீனும் வாழைக்காயும் இலையில் வைத்துக் கொடுத்தார்கள். வில்ஃப்ரிதோ மனைவியின் கையைப் பிடித்தபடி அழுதுகொண்டிருந்தான். ஓடத்தைக் கரையோரமாக நீரோட்டத்துக்கு எதிரே ஊரையும் தாண்டி மேலே இழுத்துப் போய்விட்டால், அங்கிருந்து கடந்து தன் வீட்டருகே போய்ச் சேரலாம்; அதற்கு இரண்டு ஆள் வேண்டும். செனைடா முகங்களை ஒருமுறை பார்த்தாள். கேட்க மனம் வரவில்லை.

பண்ணையோரத்திலிருந்தே தனியாகக் கடந்தாள். ஆறு அவளை இன்னும் கீழே கொண்டுபோய் விட்டது. நாணல் புதரில் ஓடத்தைக் கட்டிவிட்டு வெகுதூரம் நடந்து, பொழுது சாயும்போது வீட்டுக் கதவைத் திறந்தாள்.

"பொண்ணு பொறந்திருக்கு" என்றாள் வெறும் வீட்டைப் பார்த்து. "காலுதான் மொதல்ல வந்துச்சு. ரெண்டு பேரும் நல்லா இருக்காங்க."

பிறகு அடுப்பைப் பற்றவைத்தாள்.