நல்ல கையைக் கட்டச் சொன்ன டொக்டர்

திருகோணமலைத் துறைமுகத்தில் நான் கப்பல்களுக்கு வடம் கட்டிய காலம் அது. மூளைக்காய்ச்சல் வந்து போனபின் என் மூன்று வயது மகளுக்கு வலது கை எழும்பவில்லை. ஆஸ்பத்திரிக்குப் புதிதாக வந்திருந்த டொக்டர் நெடிய, மெலிந்த மனிதர். பிள்ளைகள் வந்தால் கதிரையை விட்டு இறங்கி, நிலத்தில் சப்பாணி கட்டி இருந்துகொள்வார்.

"பிள்ளை எப்படிச் சாப்பிடுறா?" என்று கேட்டார்.

"இடக்கையால தின்ன விடலாமோ? நான்தான் வாயில ஊட்டித் தீத்திறனான்" என்றாள் என் மனைவி.

"கையில பிழை இல்லை, அம்மா. மூளைதான் அந்தக் கையை மறந்திட்டுது. வேலை குடுத்தால் திரும்பப் பழகும். இனித் தீத்தாதேங்கோ. சாப்பாட்டு நேரம் இடக்கையைத் துணியால சுத்திக் கட்டிவிடுங்கோ."

"இருக்கிற நல்ல கையையும் கட்டட்டாம். இவரும் ஒரு டொக்டரோ" என்று உப்புவெளி பஸ்ஸில் வீடு வரும்வரை மனைவி ஏசினாள்.

நான்தான் கட்டினேன். மகள் அழுதாள், சோறெல்லாம் பாயில் சிந்தியது. மனைவி பார்க்க ஏலாமல் குசினிக்குள் போய் அடுப்படியில் நின்றாள்.

இரண்டு மாதம் கழித்துச் சோற்றுப் பெட்டியுடன் போனோம். மகள் வலது கையால் சோற்றை அள்ளி, எதிரே இருந்த டொக்டரின் வாயில் வைத்தாள். பாதி அவர் சட்டையில் விழுந்தது. அவர் அவசரப்படாமல் ஆறுதலாக மென்று விழுங்கினார்.

"உப்புக் கொஞ்சம் குறைவு, அம்மா" என்றார் மனைவியிடம்.

குழம்புக் கறை பட்ட அந்தச் சட்டையோடுதான் அவர் அன்று பின்னேரம்வரை வார்டெல்லாம் திரிந்தாராம். கேட்டவர்களுக்கெல்லாம் கறையைத் தொட்டுக் காட்டினாராம்.