மினுங்கிய குழாய்

சுவிஸின் வில் நகரில் பனியை உருக்க வீதியில் தூவும் உப்பு எங்கள் பழைய காரின் புகைக்குழாயைத் தின்றுவிட்டது. அந்தக் காருக்குப் பொருத்தமான குழாய் கடையில் இல்லை. அதனால் கராஜ்காரர் துருப்பிடிக்காத எஃகில் புதிதாக ஒன்றைப் பற்றவைத்துக்கொண்டிருந்தார்.

என் இரண்டு வயது மகள் என் கையை உதறிவிட்டு ஓடினாள். அவள் பால் குடிக்கும் எவர்சில்வர் பேணியைப் போலவே அந்தக் குழாய் மினுங்கியது. அவள் கை நீட்டியதும், இரு கைகளிலும் எரியும் பற்றவைப்புக் கருவியோடு நின்ற கராஜ்காரர் அவளைக் காலால் உந்தித் தள்ளினார். பிள்ளை சுவரில் மோதி அலறினாள்.

நான் யோசிக்கவில்லை. அருகில் கிடந்த ஸ்பானரால் அவர் முகத்தில் அடித்தேன். திரும்பவும் அடித்தேன். உதடு கிழிந்தது. அவர் கை ஓங்கவில்லை. வாயில் நிறைந்த இரத்தத்தைக் குழாயின் மேல் துப்பினார். அது சீறிக் கருகியது.

"என்னப்பா செய்துபோட்டீர்? பிள்ளையின்ர கையைக் காப்பாத்தின மனிசனையெல்லோ அடிச்சிருக்கிறீர்," என்றார் ஓடிவந்த என் கணவர்.

நான் ஸ்பானரைக் கீழே போட்டேன். கராஜ்காரரோ குந்தியிருந்து, பிள்ளையின் விலாவைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மகளின் உள்ளங்கையைப் பிடிக்கும்போதெல்லாம் இன்றும் நினைப்பேன். என் அடி கொஞ்சம் மேலே பட்டிருந்தால், அதைக் காத்தவரின் கண் போயிருக்கும்.