மாவில் கீறிய பட்டணம்

இன்று ஸ்ரௌவ்வில் நகரத்துக் கடையொன்றில் சூடான பாண் மணந்ததும், முன்பு நாங்கள் வெக்ஸ்போர்ட்டில் இருந்தபோது எங்கள் வீட்டடியில் இருந்த, பிறகு இடிக்கப்பட்ட போலந்துக்காரரின் பேக்கரிக்குள் நினைவில் போய்விட்டேன். தொண்ணூற்று மூன்றோ நான்கோ இருக்கும். வருகிறவர்கள் அவரிடம் நாட்டைத்தான் கேட்பார்கள். அப்பாவோ, யாழ்ப்பாணத்தார் வழக்கப்படி, "ஊரிலை எந்தப் பக்கம்?" என்று கேட்டார்.

"ஆத்துக்கு வடக்கை," என்றவர், மேசையில் சிந்தியிருந்த மாவில் விரலால் ஆற்றையும் பாலத்தையும், மேட்டுத் தேவாலயத்தையும், போரில் எரிந்த சந்தையையும் கீறினார். "இப்ப அது வேறை நாடு, வேறை பேர். விசாரிக்க ஆளில்லை."

"சந்தைக்குப் பின்னாலை?" என்று அப்பா கேட்டார்.

"எங்கட வீடு!"

மேசை துடைக்க வந்த அவருடைய மனைவி, "இவர் எப்பவும் பாலத்தைப் பிழையான இடத்திலைதான் கட்டுவார்," என்று அதைக் கிழக்கே நகர்த்திக் கீறிவிட்டு, எங்கள் பாணை வெட்ட வேறு மேசைக்குப் போனார்.