ஒரு கண்ணுக்கு மட்டும் மை

சுங்கைப்பட்டாணியில் நான் வேலை செய்யும் கையுறை ஃபேக்டரிக்குப் புதிதாக ஒரு பெண் வந்தாள். பர்மாக்காரி என்றார்கள். என் வயதுதான் இருக்கும். மலாய் மொழியில் பேச வாயைத் திறந்தேன். "தமிழ்லயே பேசு" என்றாள். எங்கள் ஆட்கள் அந்தக் காலத்தில் ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்ட இங்கே கப்பலேறி வந்தது போல, அவளுடைய ஆட்கள் வயல் வேலைக்கு அங்கே போனவர்களாம்.

அவள் ஊரில் இன்னும் சண்டை ஓயவில்லை. போனில் நான் பார்த்ததெல்லாம் புகையும் ஓட்டமும்தான். மற்ற நேரமெல்லாம் எப்படிப் போகும்? கேண்டீனில் கேட்டேவிட்டேன்.

"சண்டை நடக்குறப்ப தினமும் என்னாதான் செய்வ?"

"கல்யாணப் பொண்ணுங்களுக்கு மேக்கப் போடுவேன்."

"சண்டையிலயா?"

"சண்டைன்னா கல்யாணம் பண்ணாம இருப்பாங்களா?"

வெயில் ஏறிய பிறகுதான் குண்டு போடும் விமானம் வரும் என்பதால், அங்கே முகூர்த்தமெல்லாம் விடியற்காலையில். ஒரு தடவை விமானம் முன்கூட்டியே வந்துவிட்டது. மணப்பெண்ணுக்கு அப்போது இவள் ஒரு கண்ணில்தான் மை தீட்டியிருந்தாள். இருவரும் வீட்டுக்குப் பின்னால் வெட்டியிருந்த குழிக்குள் இறங்கினார்கள். மேலே இரைச்சல். அந்தப் பெண் முகத்தை நீட்டி, "அக்கா, இன்னொரு கண்ணையும் முடிச்சிருங்க" என்றாளாம்.

"போட்டியா?"

"போட்டேன். கோணலாப் போச்சு. தாலி கட்டுறப்ப யாரும் அதப் பார்க்கல."

என் தங்கையின் நிச்சயதார்த்தத்துக்கு மேக்கப் போட அவளையே சுங்கை லாலாங்கில் உள்ள எங்கள் வீட்டுக்கு அழைத்தேன். தங்கைக்குக் கொண்டை போட்டுக்கொண்டிருந்தவள், திடீரென்று தங்கையையும் இழுத்துக்கொண்டு மேசைக்கடியில் புகுந்தாள். எனக்கு ஒன்றும் புரியவில்லை. பிறகுதான் அந்தச் சத்தம் என் காதில் விழுந்தது. பக்கத்துச் செம்பனை எண்ணெய்த் தோட்டத்தில் ட்ரோன் பறந்துகொண்டிருந்தது.

"பூச்சி மருந்து அடிக்கிறாங்க லா, பயப்படாத" என்றேன்.

முகம் வெளுத்துப்போய் வெளியே வந்தாள். "எனக்கு அதக் கிட்டப் போய்ப் பார்க்கணும்" என்றாள்.

போனோம். ட்ரோன் விடுகிற அண்ணன் அதைத் தரையில் இறக்கியிருந்தார். அவள் இறக்கையைத் தொட்டாள். தொட்டியை மோந்து பார்த்தாள்.

"அண்ணே, இதுல மருந்து மட்டும்தான் போகுமா?"

"வேற என்னாம்மா போகும்?"

"எங்க ஊர்ல இதுல குண்டு வரும்" என்றாள். அவர் கையிலிருந்த விசைப் பெட்டியைக் கேட்டு வாங்கி, அவர் சொல்லச் சொல்ல ட்ரோனை மரங்களுக்கு மேலே ஏற்றினாள். ஒரு சுற்று விட்டு இறக்கினாள்.

"இப்படித்தான் நின்னுக்கிட்டு விடுவாங்களா?" என்று என்னிடம் கேட்டாள். "இத்தனை நாளும் விடுறவங்க எப்படி இருப்பாங்கன்னே நான் யோசிக்கல."

நிச்சயதார்த்தம் கொஞ்சம் தாமதமாகத்தான் தொடங்கியது.